பூசணிக்காய் விழுமுன்பே முடிந்த காதல்

தலையில்லாத ஒருவன் கறுப்புக் குதிரையில் துரத்துகிறான். தன் தலையைச் சேணத்தின் முன்னால் வைத்துக்கொண்டு வருகிறான். பாலத்தருகே அதைத் தூக்கி எறிகிறான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தொப்பியும் உடைந்த பூசணிக்காயும் கிடக்கின்றன. வாஷிங்டன் இர்விங் எழுதிய ஸ்லீப்பி ஹாலோ கதையைப் படிக்காதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கார்ட்டூனாக, சினிமாவாக, ஹாலோவீன் முகமூடியாக எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும்.

எனக்கு அந்தக் கதையின் உயிர், துரத்தல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும் ஒரு சின்னப் பத்தியில் இருக்கிறது. விருந்து முடிந்து எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இக்கபாட் கிரேன் மட்டும், பண்ணை வீட்டு மகள் கத்ரீனா வான் டாசலோடு தனியாக இரண்டு வார்த்தை பேசப் பின்தங்குகிறான். என்ன பேசினார்கள் என்று இர்விங் சொல்வதில்லை. தனக்கே தெரியாது என்கிறார். ஏதோ சரியாக நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் இக்கபாட் முகம் தொங்கிப்போய் வெளியே வருகிறான். கோழிக்கூண்டில் கைவைத்துவிட்டு நழுவுகிறவன் மாதிரி நேரே லாயத்துக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த குதிரையை அடித்து உதைத்து எழுப்புகிறான்.

பேய் வருவதற்கு முன்பே காதல் முடிந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பேய் எதற்கு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால் கதை வேறொன்றாகத் தெரிகிறது.

கதை வெளிவந்தது 1820-இல். 'ஸ்கெட்ச் புக்' என்று 1819-லும் 1820-லும் இர்விங் பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் இது ஒன்று. ரிப் வான் விங்கிள் கதையும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. நடக்கிற இடம் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரை. அங்கே ஆறு ஏரிபோல அகன்று கிடக்கும். கரையில் டாரிடவுன் என்ற ஊர். அதிலிருந்து இரண்டு மைல் உள்ளே போனால் ஒரு பள்ளத்தாக்கு, அதுதான் ஸ்லீப்பி ஹாலோ. ஒரு சிற்றோடை, மரங்கொத்தியின் சத்தம், தூக்கம் வரவைக்கும் அமைதி. அங்கே குடியிருப்பவர்கள் பழைய டச்சுக் குடும்பங்கள். 1664-இல் அந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் தங்கள் பெயர்களையும் பண்ணைகளையும் பலகாரங்களையும் விடாமல் வைத்துக்கொண்டவர்கள். முப்பது வருஷத்துக்கு முன் நடந்தது என்று கதை சொல்கிறது. அப்படியென்றால் 1790 வாக்கில், சுதந்திரப் போர் முடிந்து சில வருஷங்களே ஆன காலம்.

இக்கபாட் அந்த ஊர்க்காரன் இல்லை. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவன். ஒல்லி உடம்பு, நீண்ட கைகால், மண்வெட்டிக்கு உதவும் பாதங்கள், பெரிய காதுகள், பச்சைக் கண்ணாடிக் கண்கள், கொக்கு மூக்கு. காற்றடிக்கிற நாளில் அவன் மேட்டில் நடந்து போனால், சோளக்கொல்லையிலிருந்து தப்பித்து வந்த பொம்மை என்று நினைக்கத் தோன்றும் என்கிறார் இர்விங். சம்பளம் வயிற்றுக்குப் பற்றாது. அதனால் மாணவர்களின் வீடுகளில் வீட்டுக்கு ஒரு வாரம் என்று சுற்றிச் சுற்றித் தங்குகிறான். அவனுடைய மொத்தச் சொத்தும் ஒரு பருத்திக் கைக்குட்டைக்குள் முடிச்சாக அடங்கிவிடும். பகலில் பாடம், மாலையில் சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துத் தாலாட்டுவது, வைக்கோல் போட உதவுவது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவுக்கு முன்னால் நின்று பாடுவது. எல்லாமே அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கான ஏற்பாடு.

அவனுடைய பள்ளிக்கூடம் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை. உடைந்த சன்னல் கண்ணாடிக்குப் பதில் பழைய நோட்டுத் தாளை ஒட்டியிருப்பார்கள். பூட்டு கிடையாது. கதவின் கைப்பிடியில் முறுக்கிய கொடி, சன்னல் கதவுகளுக்கு முட்டுக்கட்டை, அவ்வளவுதான். திருடன் சுலபமாக உள்ளே போய்விடலாம், வெளியே வருவதுதான் கஷ்டம். விலாங்கு பிடிக்கிற கூட்டின் யோசனையில் செய்தது அது. இந்த விவரத்தை இர்விங் போகிற போக்கில் வைக்கிறார். இக்கபாட் கடைசியில் மாட்டிக்கொள்ளும் விதமும் இதுவேதான். உள்ளே போக எளிதாக ஒரு வழி, திரும்பி வர வழியே இல்லை.

அவனிடம் இரண்டு பசி இருந்தது. ஒன்று வயிற்றுப் பசி. இன்னொன்று பேய்க்கதைப் பசி. காட்டன் மேதர் என்ற பாதிரியார் நியூ இங்கிலாந்தின் சூனியக்காரிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தை அவன் முழுசாக நம்பினான். பள்ளி விட்டதும் ஓடையோரப் புல்லில் படுத்து, எழுத்து மங்கி மறையும்வரை அதைப் படிப்பான். அப்புறம் இருட்டில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பறவைச் சத்தத்துக்கும் பயந்து சாவான். எவ்வளவு பெரிய கதையையும் விழுங்கிச் செரிக்கும் திறமை அவனுக்கு இருந்தது என்று இர்விங் எழுதும்போது, சாப்பாட்டுக்கான அதே சொற்களையே பயன்படுத்துகிறார். இரண்டு பசியும் ஒரே வாயில்தான் போகின்றன.

கத்ரீனாவை அவன் காதலிப்பதும் இந்த வாய் வழியாகவே. பதினெட்டு வயசுப் பெண். செல்வமான விவசாயி பால்டஸ் வான் டாசலின் ஒரே வாரிசு. கொள்ளுப்பாட்டிக்கும் முந்திய பாட்டி ஹாலந்திலிருந்து கொண்டுவந்த தங்க நகையைப் போட்டுக்கொள்பவள். அவளைப் பார்க்கப் போன இக்கபாட் களஞ்சியத்தைப் பார்க்கிறான், பன்றிக்குட்டிகளைப் பார்க்கிறான், வாத்துக் கூட்டத்தைப் பார்க்கிறான். அவன் மனசுக்குள் ஒவ்வொரு பன்றிக்குட்டியும் வயிற்றில் பூரணமும் வாயில் ஆப்பிளுமாக வறுபட்டு ஓடுகிறது. புறாக்கள் மாவுப் போர்வைக்குள் படுத்துக்கொள்கின்றன. வாத்துகள் புதுமணத் தம்பதிகள் மாதிரி ஜோடி ஜோடியாகத் தட்டில் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன, போதுமான வெங்காயச் சாற்றோடு. இந்தக் கதையில் கல்யாணம் என்ற எண்ணம் முதன்முதலில் உருவம் பெறுவது அந்த வாத்துகளில்தான். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் வாரத்துக்கு ஒரு வீட்டில் அடுத்தவர் அடுப்பை நம்பிச் சாப்பிடுகிற ஒருவனின் கனவு வேறெப்படி இருக்கும்? இந்தப் பசியை நான் குற்றமாக எண்ணவில்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்து வரும் கனவு. வயல்களை எல்லாம் பார்த்து முடித்ததும் அவன் நினைப்பு இப்படி ஓடுகிறது: இதையெல்லாம் விற்றுக் காசாக்கலாம், அந்தக் காசைக் கொண்டு காட்டு நிலம் ஏராளமாக வாங்கலாம். கற்பனையில் ஒரு வண்டி புறப்படுகிறது. மேலே கத்ரீனாவும் ஒரு கூட்டம் பிள்ளைகளும், கீழே தொங்கி ஆடும் பானை சட்டிகள். இவன் குதிரைமேல், பின்னால் குட்டி ஓடிவர, கென்டக்கியோ டென்னசியோ பார்த்துப் போகிறான். அந்தப் பள்ளத்தாக்கு அவனுக்கு வாழ்கிற இடம் இல்லை, விற்கிற சரக்கு. இந்த ஒரு வாக்கியத்தைக் கவனிக்காமல் போனால் பேய் எதற்கு வந்தது என்பது விளங்காது.

போட்டிக்காரன் பிரோம் வான் பிரன்ட். ஊரார் வைத்த பெயர் பிரோம் போன்ஸ். அகன்ற தோள், சுருட்டைக் கறுப்பு முடி, நரிவால் தொங்கும் ரோமத் தொப்பி. குதிரைச் சவாரியில் அவனை மிஞ்ச ஆளில்லை. டேர்டெவில் என்ற அடங்காத கறுப்புக் குதிரை அவனுடையது. நடுராத்திரியில் நண்பர்களோடு கூச்சல் போட்டுக்கொண்டு போவான். தூக்கம் கலைந்த கிழவிகள் "பிரோம் போன்ஸ் கும்பல் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். அவனிடம் குறும்பு உண்டு, குரூரம் இல்லை என்பது இர்விங்கின் கணிப்பு. கத்ரீனாவை அவன் குறிவைத்தான் என்று தெரிந்ததும் மற்ற பையன்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்காதவன் இக்கபாட் ஒருவனே. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் வீட்டுக்கே போய்வந்தான்.

நேருக்கு நேர் மோதினால் பிரோம் ஜெயிப்பான் என்பது இருவருக்கும் தெரியும். வாத்தியாரை இரண்டாக மடித்து அவர் பள்ளிக்கூட அலமாரியிலேயே வைத்துவிடுவேன் என்று பிரோம் சொல்லித் திரிந்தான். இக்கபாட் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. அதனால் பிரோம் வேறு வழிக்குப் போகிறான். பாட்டு வகுப்பு நடக்கும்போது புகைபோக்கியை அடைத்தான். நாய் ஒன்றுக்கு ஊளையிடப் பழக்கி, கத்ரீனாவுக்கு இவனும் பாட்டுச் சொல்லித்தருவான் என்று கொண்டுவந்து காட்டினான். இதெல்லாம் சாதாரணச் சேட்டை. ஆனால் ஒரு ராத்திரி பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் அதைப் பார்த்த இக்கபாட், ஊர்ச் சூனியக்காரிகள் எல்லாம் இங்கேதான் கூடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். எதிரி எதை நம்புகிறான் என்பது பிரோமுக்கு அன்று தெரிந்துபோயிருக்க வேண்டும். அதற்குமேல் அவனுக்குக் கைபலம் தேவைப்படவில்லை.

இலையுதிர்காலத்து நல்ல நாள் ஒன்றில் விருந்து. (கதையில் ஹாலோவீன் பற்றிப் பேச்சே இல்லை, பூசணிக்காயில் கண் மூக்கு செதுக்கியதாகவும் இல்லை. அதெல்லாம் பிற்காலம் ஒட்டியது.) அழைப்போடு வருகிறவன் ஒரு கறுப்பின ஆள், விருந்தில் பிடில் வாசிக்கும் நரைத்த தலைக்காரரும் கறுப்பினத்தவரே, அரை நூற்றாண்டாக அந்த வட்டாரத்துக்கு வாத்தியக் குழு அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கதவிலும் சன்னலிலும் அடுக்கடுக்காக நின்று இக்கபாட் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1827-இல். 1790 வாக்கில் அந்தப் பண்ணைகளில் வேலை செய்த கறுப்பினத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். இர்விங் அவர்களைச் சிரிக்கிற முகங்களாக மட்டுமே எழுதிவிட்டுப் போகிறார். அந்த மேசை நிறையப் பலகாரம் யார் உழைப்பு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கதையை இவ்வளவு நேசிக்கிற நான் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

இக்கபாட் அன்று பள்ளியை ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டான். தன்னிடம் இருந்த ஒரே கறுப்பு உடுப்பைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டான். தங்கியிருந்த வீட்டுக்காரரான முன்கோபி ஹான்ஸ் வான் ரிப்பரிடம் குதிரையை இரவல் வாங்கினான். உழுது தேய்ந்த கிழட்டுக் குதிரை. பெயர் கன்பவுடர், அதாவது வெடிமருந்து. ஒரு கண் பூத்துப்போனது.

அவன் கத்ரீனாவோடு ஆடுகிறான், பிரோம் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து புழுங்குகிறான். ஆட்டம் முடிந்ததும் பெரியவர்கள் புகைபிடித்தபடி பேய்க்கதை பேசத் தொடங்குகிறார்கள். இங்கே நான் நிதானமாகப் படிப்பேன். பேயையே நம்பாத கிழவர் பிரவுவர் என்பவரைத் தலையில்லாக் குதிரைக்காரன் தன் பின்னால் ஏற்றிக்கொண்டு போனானாம். பாலம் வந்ததும் எலும்புக்கூடாக மாறி அவரை ஓடையில் தள்ளிவிட்டு, இடிச் சத்தத்தோடு மரங்களின் மேலே பாய்ந்துவிட்டானாம். உடனே பிரோம் தன் கதையை எடுத்துவிடுகிறான். ஒரு ராத்திரி சிங் சிங் ஊரிலிருந்து திரும்பும்போது அந்தக் குதிரைக்காரன் எதிர்ப்பட்டான், ஒரு கிண்ணம் மதுவுக்குப் பந்தயம் கட்டி ஓட்டினோம், டேர்டெவில்தான் முந்தியது, ஆனால் தேவாலயப் பாலத்துக்கு வந்ததும் அவன் நெருப்புச் சுடராக மறைந்துபோனான் என்கிறான்.

இரண்டு கதையிலும் விதி ஒன்றுதான்: பாலம் வந்தால் பேய் போய்விடும். அந்த விதியை விருந்திலேயே இக்கபாட் விழுங்கிவிட்டான்.

இப்போது அந்த ராத்திரியைப் பாருங்கள். கத்ரீனாவிடம் பேசித் தோற்று, தனியாக வருகிறான். வழியில் ஒரு பெரிய டியூலிப் மரம். மேஜர் ஆந்த்ரேயின் மரம் என்று அதற்குப் பெயர். சீட்டியடித்துத் தைரியம் வரவழைக்கிறான். யாரோ பதில் சீட்டியடித்ததுபோல் தோன்றுகிறது, காய்ந்த கிளைகளில் காற்று. மரத்தில் வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. கிட்டப் போனால் இடி விழுந்து பட்டை உரிந்த இடம். ஒரு முனகல், கிளையோடு கிளை உரசுகிறது. மூன்று பயத்துக்கும் மூன்று காரணம் கிடைத்துவிடுகிறது. நான்காவதற்குக் கிடைப்பதில்லை. ஓடையருகே இருட்டில் பெரிதாக ஒன்று நிற்கிறது. "யார் நீ?" என்று கேட்கிறான். பதில் இல்லை. மறுபடி கேட்கிறான். பதில் இல்லை. அது நகர்ந்து சாலைக்கு வந்து, கன்பவுடரின் குருட்டுக் கண் பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நடக்கிறது. குருட்டுப் பக்கம் என்ற அந்த ஒரு விவரம் எனக்கு இன்றைக்கும் முதுகில் சில்லென்று ஏறுகிறது. எதிரியின் குதிரைக்கு எந்தக் கண் தெரியாது என்று பேய்க்குத் தெரியுமோ என்னவோ, உள்ளூர்க்காரனுக்குத் தெரியும்.

மேடேறும்போது வானத்தின் பின்னணியில் உருவம் தெரிகிறது. தலை தோளில் இல்லை, சேணத்தில் இருக்கிறது. கன்பவுடர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வீட்டுப் பாதையை விட்டுவிட்டு, தேவாலயத்துக்குப் போகும் இறக்கத்தில் பாய்கிறது. சேணத்தின் வார் அறுகிறது. உயிர் போகிற அந்த நேரத்திலும் இக்கபாட்டுக்கு ஒரு நினைப்பு வருகிறது: இது வான் ரிப்பரின் ஞாயிற்றுக்கிழமைச் சேணமாயிற்றே! சேணமில்லாத கிழட்டுக் குதிரையின் முதுகெலும்பில் சறுக்கிச் சறுக்கி ஒட்டிக்கொண்டு, மரங்களுக்கிடையே தேவாலயச் சுவர் வெள்ளையாகத் தெரிந்ததும் சொல்லிக்கொள்கிறான், அந்தப் பாலத்தை மட்டும் எட்டிவிட்டால் பிழைத்தேன். பாலத்தைத் தாண்டுகிறான். விதிப்படி பேய் மறைகிறதா என்று திரும்பிப் பார்க்கிறான். அங்கவடியில் எழுந்து நின்றபடி அது தன் தலையை வீசுகிறது.

திரும்பிப் பார்க்காமல் ஓடியிருந்தால் தப்பியிருப்பானா? எனக்குத் தப்பியிருப்பான் என்றே தோன்றுகிறது. அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது, சில மணி நேரம் முன்பு பிரோம் கதையோடு சேர்த்துப் பரிமாறிய அந்த நெருப்புச் சுடர்.

காலையில் கன்பவுடர் சேணமில்லாமல் வீட்டு வாசலில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. ஓடையில் தேடுகிறார்கள், உடல் கிடைக்கவில்லை. இக்கபாட் விட்டுப்போன பொருள்களைக் கணக்கெடுக்கிறார்கள்: இரண்டரைச் சட்டை, கழுத்துத் துணி இரண்டு, கம்பளிக் காலுறை ஒன்றிரண்டு ஜோடி, பழைய கால்சட்டை, துருப்பிடித்த சவரக்கத்தி, ஓரம் மடிந்த பாட்டுப் புத்தகம், உடைந்த சுருதிக் குழல். கூடவே காட்டன் மேதரின் புத்தகம், ஒரு பஞ்சாங்கம், ஒரு கனாநூல், கத்ரீனாவைப் பற்றிக் கவிதை எழுதப் பார்த்து அடித்துத் திருத்திய ஒரு தாள். சூனியப் புத்தகத்தையும் கவிதையையும் வான் ரிப்பர் நெருப்பில் போட்டுவிட்டு, இனி என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன் என்கிறார். இந்தப் பட்டியலில் அந்த அரைச் சட்டையும் அந்தத் தாளும் என்னை எப்போதும் கலங்க வைக்கும். அதுவரை சாப்பாட்டு ராமனாகவே தெரிந்தவன், ராத்திரி உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுத முயன்றிருக்கிறான். அந்தக் காதலில் வாத்தும் பன்றிக்குட்டியும் மட்டும் இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அடுப்பில் போய்விட்டது.

சரி, பேய் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கின் பேய்கள் யார் யார் என்று பாருங்கள். தலையில்லாதவன் ஒரு ஹெஸ்ஸியன் சிப்பாய். ஜெர்மானியச் சிற்றரசுகளிடமிருந்து பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய சுமார் 30,000 படைவீரர்களில் ஒருவன். பெயர்கூட இல்லாத ஒரு சண்டையில் பீரங்கிக் குண்டு அவன் தலையைக் கொண்டுபோயிற்று. மேஜர் ஆந்த்ரே பிரிட்டிஷ் அதிகாரி. வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்க முன்வந்த அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டோடு பேசிவிட்டு வரும் வழியில் 1780 செப்டம்பர் 23 அன்று டாரிடவுனில் மூன்று உள்ளூர்க்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். இது வரலாறு. இந்தப் பள்ளத்தாக்கு மந்திரத்தில் கட்டுண்டு கிடப்பதற்கு ஊரார் சொல்லும் காரணங்களோ இரண்டு: ஆதியில் வந்த ஒரு ஜெர்மானிய வைத்தியர், அல்லது டச்சுக்காரர்களுக்கு முன்பே இருந்த ஒரு செவ்விந்தியத் தலைவர். ஒருவர்கூட வான் டாசலோ வான் பிரன்ட்டோ இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கல்லறையில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்களும் விரட்டப்பட்டவர்களும் அலைகிறார்கள். கடைசியில் இக்கபாட்டும் அந்த வரிசையில் சேர்கிறான். கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்தில் அவன் ஆவி இருக்கிறது என்றும், மாலை வேளையில் உழவன் வீட்டுப் பையனுக்குத் தூரத்தில் அவன் பாட்டுக் கேட்கிறது என்றும் பேச்சு.

பேய்கள் ஏன் இங்கே மட்டும் இருக்கின்றன என்று இர்விங்கே காரணம் சொல்கிறார். மற்ற அமெரிக்க ஊர்களில் பேய்க்கு ஆதரவில்லை. செத்தவர் முதல் தூக்கம் முடிந்து புரண்டு படுப்பதற்குள் சொந்தபந்தம் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும், எழுந்து சுற்றினாலும் பார்க்கப் போகத் தெரிந்த முகம் இல்லை என்கிறார். இதை இக்கபாட்டின் வண்டிக் கனவோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் கதை முழுதாகத் தெரிகிறது. அவன் கல்யாணம் நடந்திருந்தால் பண்ணை விற்றுப்போயிருக்கும். பேய்களுக்கும் ஊர் போயிருக்கும். பெண் யாருக்கு என்பதைக் கத்ரீனா வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் யார் இருப்பது, யார் போவது என்ற வழக்கைத்தான் பேய் தீர்த்துவைக்கிறது. பிரோம் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தானா, ஹெஸ்ஸியனே வந்தானா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வந்தது யாராக இருந்தாலும் நிலத்தின் பக்கம் நின்றது.

கத்ரீனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதை முழுக்க அவள் வாயிலிருந்து நேராக ஒரு வாக்கியம்கூட வருவதில்லை. இந்த ஏழை வாத்தியாருக்கு இடம் கொடுத்ததெல்லாம் பிரோமைச் சீண்டத்தானா என்று இர்விங் கேட்டுவிட்டு, கடவுளுக்கே வெளிச்சம் என்று நகர்ந்துவிடுகிறார். பெரும்பாலோர் அந்தக் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டு அவளைக் குறும்புக்காரி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவளுடைய அம்மா சொல்வதாக ஒரு பேச்சு வருகிறது: வாத்துகளுக்கு அறிவில்லை, அவற்றைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெண்பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள். அப்பா தன் புகைக்குழாயைவிட அதிகமாக மகளை நேசித்தார், அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். இரண்டு ஆண்கள் மாதக்கணக்கில் அவளைச் சுற்றிக் கோட்டை பிடிக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். அவளோ பின்தங்கியவனோடு தனியாகப் பேசி, முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிறாள். அந்த ராத்திரியில் யாரையும் பயமுறுத்தாமல் காரியத்தை முடித்தவள் அவள் ஒருத்திதான்.

சில வருஷம் கழித்து நியூயார்க் போய்வந்த ஒரு விவசாயி, இக்கபாட் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி கொண்டுவருகிறார். சட்டம் படித்து, அரசியல் பார்த்து, பத்திரிகையில் எழுதி, கடைசியில் சின்னக் கோர்ட் ஒன்றில் நீதிபதி ஆகிவிட்டானாம். பேய் பயம் ஒரு பக்கம், வான் ரிப்பருக்குப் பயம் ஒரு பக்கம், கத்ரீனா மறுத்த அவமானம் ஒரு பக்கம் என்று ஓடிப்போனானாம். ஊர்க் கிழவிகள் இதை ஏற்கவில்லை. பேய்தான் தூக்கிப்போயிற்று என்கிறார்கள். பெண் வேண்டாம் என்று சொன்னதால் ஊரைவிட்டு ஓடியவன் என்ற பெயரைவிட, பேய் கொண்டுபோன வாத்தியார் என்ற பெயர் மதிப்பானது. அந்தக் கிழவிகளுக்கு இக்கபாட் மேல் அன்பு இருந்தது என்று நான் நம்புகிறேன். குளிர்கால ராத்திரிகளில் அடுப்போரம் அவர்களோடு உட்கார்ந்து கதை கேட்டவன் அவன்.

இர்விங் இதை எழுதிய நிலைமையையும் மறக்க முடியவில்லை. 1798-இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, பதினைந்து வயசுப் பையனான அவரை டாரிடவுன் பக்கம் அனுப்பிவைத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கு அப்போது பழக்கமானது. பிறகு சட்டம் படித்தார். சொல்லிக்கொடுத்த வழக்கறிஞரின் மகள் மட்டில்டா ஹாஃப்மனோடு கல்யாணம் நிச்சயமானது. 1809-இல் பதினேழு வயசில் காசநோயில் அவள் இறந்துபோனாள். இர்விங் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1818-இல் குடும்ப வியாபாரம் திவாலானது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில், கையில் ஒன்றுமில்லாமல், எழுத்தை நம்பி உட்கார்ந்திருந்த முப்பத்தைந்து வயசு ஆள், சாப்பாடும் சிரிப்பும் நிறைந்த ஒரு வீட்டையும் அங்கே இடம் கிடைக்காத ஒரு வாத்தியாரையும் எழுதினார். 1835-இல், புகழும் பணமும் வந்த பிறகு, டாரிடவுன் ஓரமாக ஹட்சன் கரையில் ஒரு பழைய டச்சுப் பண்ணைவீட்டை வாங்கினார். ஒரு காலத்தில் அது வான் டாசல் குடும்பத்தின் வீடு. அண்ணன் மகள்களோடு அங்கே வாழ்ந்து 1859-இல் இறந்தார். புதைத்ததும் ஸ்லீப்பி ஹாலோவில், கதையில் வரும் அதே டச்சுத் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில்.

வடக்கு டாரிடவுன் என்று பெயர் கொண்டிருந்த ஊர், 1996-இல் வாக்கெடுப்பு நடத்தித் தன் பெயரை ஸ்லீப்பி ஹாலோ என்றே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் அங்கிருந்த பெரிய கார் தொழிற்சாலை மூடப்பட்டது. பிழைப்புப் போன ஊருக்குப் பேய் மறுபடியும் துணைக்கு வந்திருக்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு வேண்டாம். அவற்றில் வாத்துகளையும் வண்டிக் கனவையும் இரண்டரைச் சட்டையையும்தான் முதலில் வெட்டுகிறார்கள். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் முழுக் கதையும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் சில பக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரோம் தன் பந்தயக் கதையைச் சொல்லும் இடம் வந்ததும் பாலம் என்ற சொல்லில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.